எல்லைக்குக் கீழே

அந்த அக்காவின் வாயிலிருந்து 'இல்லை' என்ற ஒரு சொல்லை வரவழைக்கப் பார்த்ததில் எனக்குப் பாதி ஆயுள் போயிருக்கும். மீதிப் பாதி, அதற்குப் பதிலாக அவர் என்ன சொன்னாரோ அதை ஊராருக்கு விளக்குவதில் போனது.

ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம், ஒரு சின்னத் தனியார் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஜவ்வரிசி, கோழித்தீவனம், போர்வெல் தண்ணீர், எண்ணெய் என்று எது வந்தாலும் சோதித்துக் கொடுப்போம். அக்கா உள்ளே கருவிகளோடு இருப்பார். நான் வெளியே மனிதர்களோடு இருப்பேன். மாதிரியை வாங்கி வைப்பது, ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்வது, அதை வாங்க வருகிறவர் கத்தினால் கேட்டுக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. கருவி யாரையும் திட்டுவதில்லை. அதனால் அக்காவுக்கு மனிதர்களின் அவசரம் கடைசிவரை புரியவேயில்லை.

முதலாளியைக் கேட்டு போன் வந்தால் வேறு யாராக இருந்தாலும் 'சார் இல்லீங்க' என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அக்கா எடுத்தால், "சார் சேர்ல தெரியலீங்க" என்பார். ஒருமுறை நாமக்கல்லிலிருந்து கூப்பிட்ட தீவன வியாபாரி ஒருவர், "சேருக்கு அடியில கொஞ்சம் பாருங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். அக்கா அதையும் சிரிக்காமல் என்னிடம் வந்து ஒப்பித்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டால், "கைக்கு வரலீங்க." மின்சாரம் போய் நான் வியர்த்துக்கொண்டு நின்றால், "வந்துருமுங்க." மத்தியானம் டப்பாவைத் திறந்துகொண்டே "ஊறுகாய் இருக்காக்கா?" என்று கேட்டால், "நாளைக்குக் கொண்டாரேன் சாமி." நான் கேட்டது இன்றைக்கு. இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு உலகத்தில் இரண்டே பதில்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அக்காவின் ஊரான திருச்செங்கோட்டுப் பக்கம் மூன்றாவதாக ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பது கெங்கவல்லிக்காரியான எனக்கு எப்படித் தெரியும்?

அப்போது கருஞ்சீரக எண்ணெய்க்கு அப்படியொரு கிராக்கி. சர்க்கரைக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, முடி கொட்டாது என்று வாட்ஸ்அப்பில் வராத நாள் கிடையாது. எண்ணெயை மெல்லிய உறைக்குள் அடைத்து, மாத்திரை வடிவில் பாட்டில் பாட்டிலாக விற்றார்கள். கருஞ்சீரகத்தின் குணத்துக்கு முக்கியக் காரணம் என்று சொல்லப்படுவது அதிலுள்ள தைமோகுயினோன் என்ற சரக்கு. மஞ்சள் நிறம், மூக்கில் ஏறுகிற நெடி. பாட்டிலில் இருக்கிற எண்ணெயில் அந்தச் சரக்கு எவ்வளவு என்று அளந்து சொல்லும்படி எங்களிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அக்கா மாத்திரையை ஊசியால் குத்தி எண்ணெயைப் பிழிவார். கரைப்பானில் கரைத்து, வடிகட்டி, கருவிக்குள் செலுத்துவார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். எண்ணெயில் சரக்கு இருந்தால், படுத்திருக்கிற கோடு ஓர் இடத்தில் எழும்பி இறங்கும். சுத்தமான சரக்கைச் செலுத்தும்போது எழும்புகிற கோட்டோடு அதை ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும். சரக்கு இல்லாவிட்டால் கோடு கடைசிவரை படுத்தே கிடக்கும்.

படுத்தே கிடந்தால் என்ன எழுதுவது? நானாக இருந்தால் 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அக்கா 'கண்டறியும் எல்லைக்குக் கீழே' என்று எழுதுவார்.

"அக்கா, கோடு செத்துக் கிடக்குது. இல்லைன்னு எழுதினா என்னக்கா?"

"நம்ம மெஷினுக்குத் தெரியலைன்னு சொல்லலாம் சாமி. இல்லைன்னு சொல்றதுக்கு நாம யாருங்க?"

"அப்ப யாருதான் சொல்றது?"

"அதுக்கு இன்னும் பெரிய மெஷின் வேணுமுங்க."

"அந்தப் பெரிய மெஷின்ல?"

"அதுக்கும் ஒரு எல்லை இருக்குமுங்களே?"

இந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இருப்பதைக் கூட்டி எழுதவும் அவருக்குக் கை வராது. செவ்வாய்ப்பேட்டையில் மொத்தக் கடை வைத்திருந்த ஒருவர், தன் பெயரில் லேபிள் ஒட்டி இந்த மாத்திரையை விற்றார். அவருடைய பாட்டிலைச் சோதித்ததில் கோடு அசையவில்லை. ரிப்போர்ட்டை வாங்க வந்தவர், "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கம்மா, ஏதோ ஒரு நம்பர்" என்று குழைந்தார். அக்கா, "பாத்துத்தானுங்க போட்டிருக்குது" என்றார். அவருக்குப் புரியவில்லை. குழைந்து பார்த்தார், பிறகு குரலை உயர்த்திப் பார்த்தார். அக்கா அசையவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"சரி, எல்லைக்குக் கீழன்னா, இருந்தாலும் இருக்கலாம்ல?" என்று அந்த ஆள் கேட்டார்.

"இருக்கலாமுங்க" என்றார் அக்கா.

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். "ஏன் சாமி மிதிக்கறீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அந்த ஆள் சந்தோஷமாக ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதமே அவருடைய பாட்டிலின் மேல் 'நவீன ஆய்வகத்தில் அளவிடப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்துவிட்டது. முதலாளி போன் போட்டுச் சண்டை பிடித்தார். "அளந்தீங்களா இல்லையா? அளந்ததைத்தானே போட்டிருக்கேன்" என்றாராம் அவர். அளந்தது உண்மைதானே.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுத்தமான சரக்கைச் சிறு குப்பியில் வரவழைத்து, வெளிச்சம் படாமல் குளிர்பெட்டியில் வைத்திருப்போம். பார்க்க மஞ்சள்தூளைப் போலவே இருக்கும். அது தீர்ந்தால் புதிதாக வாங்க ஏற்பாடு செய்வது என் வேலை. வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே முன்கூட்டியே ஒருநாள் கேட்டேன். "அக்கா, அந்த மஞ்சள் குப்பி எப்படி இருக்குது?"

"நெறைஞ்சிருக்குதுங்க" என்றார்.

நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன். பிறகு ஒரு பெரிய வேலை வந்தது. முதலாளி பெருமையோடு வாங்கி வைத்த வேலை. குளிர்பெட்டியைத் திறந்தால் குப்பிக்குள் ஒட்டிக்கொண்டிருந்த துகள்கூடக் கிடையாது. முதலாளி என்னை நிற்கவைத்துத் திட்டினார். நான் உள்ளே ஓடி அக்காவைப் பிடித்தேன்.

"நாந்தான் அன்னிக்கே சொன்னனேங்க, நெறைஞ்சிருக்குதுன்னு."

"நிறைஞ்சிருக்குன்னா ஃபுல்லா இருக்குன்னுதானேக்கா அர்த்தம்?"

அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஊட்டுல அரிசி தீந்துபோனா என்னன்னு சொல்லுவீங்க?"

"தீந்துபோச்சுன்னு சொல்லுவோம்."

"அய்யய்யோ. எங்கூட்டுல அப்புடிச் சொன்னா எங்கம்மா வாயிலயே போடும். அரிசி, உப்பு, மஞ்சளெல்லாம் இல்லைன்னு சொல்லக் கூடாதுங்க. நெறைஞ்சிருக்குதுன்னுதான் சொல்லோணும். கேக்கறவங்களுக்குப் புரிஞ்சுக்குமுங்க."

"அது அரிசி அக்கா. இது கெமிக்கல்."

"மஞ்சளாத்தான இருக்குது" என்றார். அறிவியலில் எம்.எஸ்ஸி. படித்தவர் சொன்ன பதில் இது. எனக்கு அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்றைக்கு இரண்டையும் செய்யாமல், அவரோடு சாயங்காலம்வரை பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

இப்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன். அக்காவும் அங்கிருந்து நின்று ஊருக்கே போய்விட்டார். போன வாரம் கூப்பிட்டுப் பேசினேன். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையேக்கா?" என்றேன். "ஒண்ணும் தென்படலீங்க சாமி" என்றார். திருந்துகிற ஆளா அவர்?

அவருடைய பிடிவாதம் சாஸ்திரமா, விஞ்ஞானமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கேட்டால், அந்தந்த நேரத்துக்கு எது தோதோ அதைச் சொல்வார். ஒருநாள் வாக்குவாதம் முற்றியபோது, பழைய கதை ஒன்றைச் சொன்னார். நான் சேர்வதற்கு முன்பு, ஓர் எண்ணெயில் கோடு எழும்பவே இல்லையாம். கருவிக்குள் இருக்கிற விளக்கு மங்கிப்போயிருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார்களாம். விளக்கை மாற்றிவிட்டு அதே எண்ணெயைப் போட்டால், சின்னதாக ஒரு மேடு. "அன்னிக்கு இல்லைன்னு எழுதிக் குடுத்திருந்தா, அந்த மனுசன் நல்ல எண்ணெயைச் சாக்கடையில ஊத்தியிருப்பானுங்க" என்றார். சரியாகப் பேசுகிறவர்களிடம் கோபப்படுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறு எதிலும் கிடையாது.

இதெல்லாம் ஆய்வகத்தோடு போயிருந்தால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருந்தார். வேலைக் காலம் முழுக்கத் திருச்செங்கோட்டுக்காரர்களின் போர்வெல் வண்டியில் டிரைவராக ஊர் ஊராகச் சுற்றியவர். சர்க்கரை வெகுநாளாக உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். வலது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் ஒன்று வந்து, ஆறாமல் நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை எகிறிக் கிடக்கிறது, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். மாத்திரை போடுகிறவருக்கு எப்படி எகிறும்? வீட்டுக்கு வந்து துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு, கருஞ்சீரக எண்ணெய் உறைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறார். காலையில் காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை வேறு. பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பச்சை எழுத்து. நவீன ஆய்வகத்தில் அளவிடப்பட்டது.

"உங்க ஆபீஸ்ல அளந்ததுதானேம்மா? கடைக்காரன் சொன்னான். அதனாலதான் தைரியமா வாங்கினேன்" என்றார் அப்பா. என் மேல் இருந்த பெருமையால் கெட்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பாட்டிலையே ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், அக்காவிடம் கொடுத்தேன். கோடு வழக்கம்போலப் படுத்தே கிடந்தது. அக்காவும் வழக்கம்போல எழுதிக் கொடுத்தார். நான் அதை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "கண்டறியும் எல்லைக்குக் கீழே."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? கீழ இருக்குதுன்னு போட்டிருக்கு."

"கீழேன்னா அந்தக் கீழே இல்லப்பா."

"ஏம்மா, நான் எத்தனை போர் போட்டவன். தண்ணி காணோம்னு காட்டுக்காரன் தலையில கை வச்சு உக்காந்துருவான். கீழ இருக்குது, இன்னும் ரெண்டு ராடு இறக்குன்னு மேஸ்திரி சொல்லுவான். இறக்கினா பீச்சிட்டு அடிக்கும். உங்க மெஷினுக்கு ஆழம் பத்தலை, அவ்வளவுதான்."

"அப்பா, இது போர்வெல் இல்ல. மாத்திரை."

"மெஷின் மெஷின்தானே?"

அக்கா எழுதியதும், அப்பா புரிந்துகொண்டதும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. நடுவில் நான் ஒருத்திதான் பைத்தியம். புண்ணைச் சுற்றி விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. என்ன சொல்லியும் அப்பா கேட்கவில்லை. டாக்டர் சொன்னதை, நான் சொன்னதை எல்லாம் 'கீழே' என்ற அந்த ஒரு சொல்லால் தள்ளினார்.

மறுநாள் அக்காவிடம் போய் நின்றேன். "இல்லைன்னு ஒரே ஒரு தடவை எழுதிக் குடுங்கக்கா. முத்திரைகூட வேண்டாம். ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதுங்க, போதும்."

அக்கா சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல், வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெயைப் பிழிந்து, செறிவாக்கி, மறுபடி கருவிக்குள் செலுத்தினார். நான் பக்கத்திலேயே நின்றேன். கோடு எழும்பவில்லை. திரையில் எங்கே எழும்ப வேண்டுமோ, அந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பவாவது சொல்லுங்கக்கா."

"கூட எடுத்துப் போட்டும் கண்ணுக்குப் படலீங்க."

அன்றைக்குத்தான் நான் அவரிடம் கத்தினேன். "எங்கப்பாவுக்கு ஒரு விரல் போகப்போகுதுக்கா. உங்க நாக்குல ஒரு சொல் வரமாட்டேங்குது!" உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். எல்லாம் முடிந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாரேன் சாமி" என்றார்.

வந்தார். கையில் ரிப்போர்ட் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார், அதுவும் சர்க்கரை நோயாளி வீட்டுக்கு. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தார். திருச்செங்கோடு என்றதும் அவருக்கு ஒரே குஷி. எந்தத் தெரு, எந்த வண்டிக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் என்று விசாரித்தார். வண்டி போன ஊர்களையெல்லாம் சொன்னார். அக்கா ஆமாங்க, அப்புடிங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இதற்கா வந்தார்?

ஒருவழியாக அப்பாவே டிவிக்குப் பக்கத்திலிருந்த பாட்டிலைக் காட்டினார். "நீங்கதானே அளந்தீங்க? உள்ளதைச் சொல்லும்மா. சரக்கு இதுல இருக்கா?"

அக்கா எழுந்துபோய்ப் பாட்டிலைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை, லேபிளைப் படிக்கவில்லை. மூடியை நன்றாக இறுக்கி, சமையலறை அலமாரியில் வைப்பதைப் போல இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார்.

"நெறைஞ்சிருக்குதுங்கப்பா" என்றார்.

கெடுத்தாரே பாவி. குப்பியில் என்னைக் கவிழ்த்த அதே சொல். எல்லைக்குக் கீழே என்றதற்கே அந்தக் குதி குதித்த அப்பா, நிறைந்திருக்கிறது என்றால் நாளைக்கு இரண்டு உறையாக விழுங்குவாரே. "அப்பா, அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்று குறுக்கே பாய்ந்தேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நெறைஞ்சிருக்கா?" என்று அக்காவைக் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"நெறைஞ்சேதானுங்க இருக்குது."

அப்பா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். "எங்க வண்டியில சமைச்சவர் இவங்க ஊருதான். ஒரு தடவை நடுக் காட்டுல வண்டி நின்னுபோச்சு. அரிசி இருக்கான்னு கேட்டேன். நெறைஞ்சிருக்குதுங்கன்னாரு. நான் புதுசு. சந்தோஷமாத் தட்டை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டேன். மத்தவங்கெல்லாம் பேசாம தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்துட்டாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "அவிங்க வேற என்னன்னுங்க சொல்லுவாங்க?" என்றார் மெதுவாக.

அப்பா கட்டுப் போட்ட விரலைக் குனிந்து பார்த்தார். "அந்தச் சுகர் மாத்திரையை எங்கம்மா வச்சிருக்கே?" என்றார். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். அக்கா அட்டையை வாங்கி ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்தார்.

காபி போட உள்ளே போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகும் கோபம் மிச்சம் இருந்தது. டாக்டர் சொல்லி, நான் தொண்டை கிழியக் கத்தி, கருவியே சொல்லியும் நடக்காததை, எனக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்த அந்தச் சொல் நடத்திவிட்டதே. அதை எந்த ரிப்போர்ட்டில் நான் தட்டச்சு செய்வது? வீம்புக்கென்றே உள்ளிருந்து குரல் கொடுத்தேன். "அப்பா, உங்களுக்கு வழக்கம்போல ரெண்டு ஸ்பூன் சக்கரையா?"

"எனக்குத்தான் நெறைஞ்சிருக்கேம்மா" என்றார் அப்பா.